மங்கம்மா பார்த்தது

வயலுக்கு நடுவே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார் விசாரணை அதிகாரி கருணாகரன். சர்க்கார் விசாரணையாயிற்றே, மேஜை இல்லாமல் நடக்குமா? அதன் ஒரு கால் சேற்றில் புதைந்து, மசிப்புட்டி சரிந்துகொண்டே இருந்தது. எதிரே கைகட்டி நின்றான் கோதண்டம். அவனுக்குப் பின்னால் கருகிய நெற்பயிரும், மருந்து தெளிக்க வந்து அங்கே விழுந்த விமானத்தின் ஒடிந்த இறக்கையும் கிடந்தன. மருந்து நெடி இன்னும் போகவில்லை. காக்கைகூட அந்தப் பக்கம் இறங்கவில்லை.

கோதண்டம் எண்ணூர்க் குப்பத்துக்காரன். புயலில் கட்டுமரம் உடைந்துபோனதால், உப்பங்கழிக்கு இந்தப் பக்கம் கூலிக்குக் கொடி பிடிக்க வந்தவன். வேலை என்னவோ சுலபம்தான். வயலின் கோடியில் நின்று கொடியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தால், 'என் நேரே வா' என்று விமானத்துக்கு அர்த்தம். ஆபத்து என்றால் கொடியைத் தரையில் போட்டுவிட வேண்டும். ராயபுரத்துப் பிள்ளையான பைலட் தேவகிருபை இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

ஆனால் குப்பத்து வழக்கம் நேர் எதிர். அலை மூர்க்கமாக இருந்தால் கரையில் ஒருவன் துணியை உயர்த்திப் பிடித்து அசையாமல் நிற்பான். 'வராதே, அங்கேயே நில்' என்று கடலில் இருப்பவர்களுக்கு அது சேதி. துணி கீழே இறங்கிய பிறகுதான் கட்டுமரம் கரையேறும். கோதண்டம் பிறந்ததிலிருந்து பார்த்தது அதைத்தான்.

அன்று காலை உப்பளத்துக்காரர்கள் வயலோரம் வெறுமனே நின்ற கம்பங்களில் தந்திக் கம்பி இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை, பாவிகள். பனிமூட்டத்தில் கோதண்டத்துக்கும் அது தெரியவில்லை. விமானம் திரும்பித் தாழ இறங்கும்போதுதான் வெயில் பட்டுக் கம்பி மின்னியது. கோதண்டத்தின் புத்தி யோசிப்பதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். தேவகிருபை நேராக வந்தான்.

"கடைசியா கேக்கிறேன். கம்பியைப் பார்த்ததும் என்ன பண்ணினே?" என்றார் கருணாகரன்.

"கொடிய கீய போட்டுட்டேன் தொரை." வெள்ளைக்காரன் போய்விட்டாலும் அந்தத் துரை போகவில்லை.

"போட்டும் அவர் வந்தாரா?"

"வந்துட்டாரு."

செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? பழி பைலட்டின் தலையில் விழும். தான் ஜெயிலுக்குப் போகாமல் வீடு போய்ச் சேரலாம். இப்படிச் சொல்ல அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

அப்போதுதான் வரப்பில் மங்கம்மா வருவதைப் பார்த்தான். அவன் பெண்டாட்டி. விபத்தன்று கஞ்சி கொண்டுவந்தவள், இதே வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். விமானக்காரர்களின் கொடி அர்த்தத்தை அவளிடம் அவன் சொன்னதே இல்லை. விமானம் விழுந்த பிறகோ வாயே திறக்கவில்லை.

"மங்கம்மா, நீ வூட்டுக்குப் போ!"

"இன்னாத்துக்குப் போவணும்? ஒரு தப்பும் பண்ணாத மன்சனை நிக்க வெச்சிகினு கீறாங்க, நான் வூட்ல குந்திகினு இருக்கணுமா?" நேரே மேஜைக்கு வந்தாள். "தொரை, நான் என் கண்ணால பாத்தேன்."

கருணாகரன் பேனாவை எடுத்தார். "என்னம்மா பார்த்தே?"

கோதண்டம் கண்ணைக் காட்டினான், தலையை ஆட்டினான். புருஷன் பயந்துபோயிருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"நீ சும்மா இரு, உனுக்குப் பேச வராது. தொரை, வராதே வராதேன்னு இந்த மன்சன் கொடிய ஒசத்திப் புடிச்சிகினு நின்னாரு. ஏரோப்ளேன் கம்பில மாட்ற வரிக்கும் கைய எறக்கல. ஒசத்துனா வராதேன்னு எங்க குப்பத்துல கொயந்தைக்குக்கூடத் தெரியும். இதோ, இப்பிடி." முந்தானையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

கருணாகரன் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கோதண்டத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"இவங்க சொல்றது நிஜமா?"

இல்லை என்றால் ஊரறிய அவளைப் பொய்க்காரி ஆக்க வேண்டும். அதற்கு அவனுக்கு மனம் வரவில்லை.

"நெசந்தான் தொரை."

கருணாகரன் தலையசைத்தார். ஓரமாக நின்ற போலீஸ்காரர் வந்து கோதண்டத்தின் கையைப் பிடித்தார். அதை மங்கம்மா பார்க்கவில்லை. அவள் புருஷனின் தோளில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? இத மொதல்லியே சொல்லியிருந்தா, இந்நேரம் நம்ம வூட்ல இருந்திருக்கலாம்" என்றாள்.