மாமனாரைத் தாங்கும் தளம்

அகோசுவின் வீட்டு முன்தளத்தில் நடக்கத் தனிப் பயிற்சி வேண்டும். தோணியிலிருந்து ஏறியதும் இடது கோடிப் பலகையில் காலே வைக்கக் கூடாது. நடுப்பலகையில் ஆணித் தலை தெரிகிற இடங்களில் மட்டும் மிதிக்கலாம். அதிலும் பாதி தூரம் போனதும் பக்கத்துப் பலகைக்கு மாறிவிட வேண்டும், அதுவும் கொஞ்சம் வேகமாக. அகோசுவும் அவன் மனைவி ஹுவேஃபாவும் இதை நடனம்போல் பழகி வைத்திருந்தார்கள். அவள் தலையில் கருவாட்டுக் கூடை இருக்கும்போதுகூட ஒரு பலகை தப்பாது.

ஏரிக்கு நடுவில் கால் ஊன்றி நிற்கிற ஊரில் முன்தளம்தான் வாசல், முற்றம், அடுப்படி எல்லாம். மீன் புகை போடுவது அங்கே, வந்தவரை உட்கார வைப்பது அங்கே. அதை ஒருவன் பழுது பார்க்காமல் விட்டிருந்தால் அவனுக்கு வேறு தலைபோகிற வேலை ஏதோ இருந்திருக்க வேண்டும். அகோசுவுக்கு இருந்தது. அவன் கரைச் சந்தைக்கு ஆட்களைத் தோணியில் ஏற்றிப் போகிறவன். போகும் வழியெல்லாம் உலகத்தில் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். கரை வந்து சேரும்போது சிலர் உறங்கிப்போயிருப்பார்கள்.

தளத்தைப் பற்றி ஹுவேஃபா கேட்கும்போதெல்லாம் அவனிடம் பதில் தயாராக இருந்தது. ஒரு வருஷம் மழை. ஒரு வருஷம் ஆணி. ஒரு வருஷம் கடலிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறி வந்தது. எந்த வருஷமானாலும் பதிலின் கடைசிச் சொல் ஒன்றுதான்: நாளைக்கு.

அந்த நாளை வருவதற்குள் மாமனார் வந்துவிட்டார்.

பாதோனு கிழக்குப் பக்கத்துக் குடியிருப்பில் பெரிய மனிதர். அளவிலும் பெரிய மனிதர். மகளைப் பார்க்கக் கஞ்சி போட்ட நீல அங்கியில், தொப்பி வைத்துக்கொண்டு வந்தார். தளத்தில் ஏறினார். நடனம் தெரியாத மனிதர் அல்லவா, நேராக நடந்தார். அடுத்த கணம் அவருடைய அக்குளுக்கு மேற்பட்ட பாகம் மட்டும் தளத்துக்கு மேலே இருந்தது. தொப்பி தலையிலேயே இருந்தது. கால்கள் ஏரியில்.

"மாமா, அந்தப் பலகைய மிதிக்கக் கூடாது," என்றான் அகோசு.

சொல்ல வேண்டியதைத்தான் சொன்னான், சற்றுத் தாமதமாக.

அவரை மேலே இழுப்பதற்குள் கணவன் மனைவி இருவருக்கும் மூச்சு வாங்கிவிட்டது. அங்கியிலிருந்து நீர் சொட்ட அவர் நின்ற கோலத்தைப் பார்த்தும் அகோசுவின் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்த வருஷம் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி மாமா. மரத்துல புழு விழுந்து..."

"உப்பு போன வருஷம் சொன்னது," என்றாள் ஹுவேஃபா. "இந்த வருஷத்துக்குப் புதுசா எதையாவது யோசி."

அவள் உள்ளே போய்த் தன் துணிமணிகளை இரண்டு கூடைகளில் அடைத்து எடுத்து வந்தாள். ஆணித் தலைகளை மட்டும் மிதித்து நடந்து அப்பாவின் தோணியில் இறங்கி உட்கார்ந்தாள். பாதோனு சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாப்பிள்ளை, என்னைத் தாங்குற தளம் ஒண்ணு போடு. உன் கையால போடு. தச்சனைக் கூப்பிட்டுப் போட்டா, அப்புறம் என் பொண்ணு தச்சன் வீட்டுல இருக்குற மாதிரி ஆயிடும். போட்டுட்டுச் சொல்லி அனுப்பு, வந்து நின்னு பாக்குறேன். தாங்கினா அவ கூடையை இறக்கட்டும். தாங்கலேன்னா கூடை என் வீட்டுலயே இருக்கட்டும்."

தோணி திரும்பியது. ஹுவேஃபா திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் நாள் அகோசு கொஞ்சம் சுதந்திரமாகத்தான் இருந்தான். மறுநாள் புளித்த சோள மாவில் செய்த அகாசா உருண்டையின் இலையைப் பிரித்து வைத்துக்கொண்டு, தொட்டுக்கொள்ள மிளகாய் எங்கே இருக்கிறது என்று வீடு முழுக்கத் தேடினான். எங்கே என்று கேட்க ஆள் இல்லை. கேட்டால் 'கண்ணு முன்னாடிதான் இருக்கு' என்று திட்டவும் ஆள் இல்லை. ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவனுக்குத் தன் வீட்டு மிளகாய் இருக்கிற இடம் தெரியவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டான். அவள் இல்லாத வீடு அவனுக்குக் கசந்தது. அவள் திரும்பி வராமலே போய்விட்டால் என்ற எண்ணம் வந்ததும் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டான்.

அவன் பெயருக்கே ஒரு கதை உண்டு. தலைக்குப் பதில் கால் முதலில் வெளியே வந்த ஆண்பிள்ளைக்கு அந்த ஊரில் அகோசு என்றுதான் பெயர் வைப்பார்கள். "எனக்குக் காலு முதல்ல போகும், தலை பின்னாடி வரும்," என்று அவனே பயணிகளிடம் சொல்லிச் சிரிப்பான். சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் பொய்யில்லை.

கரையில் மரம் வாங்கப் போனபோது அவனுடைய சிற்றப்பா மகன், தச்சு வேலை செய்கிறவன், கேட்டான்: "கூட நான் வரட்டுமா அண்ணே? அடிக்கிறது நீ அடி. நான் சும்மா அளவு பாத்துச் சொல்றேன்."

"தண்ணி மேல பொறந்தவனுக்குத் தளம் போடச் சொல்லித் தர்றியா?" என்றான் அகோசு. "கரையில இருக்குற உனக்கு என்ன தெரியும்?"

அந்த வாயை அங்கேயே தைத்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டான்.

தளத்துக்குப் பன்னிரண்டு கால்கள். ஈரம் காயாத கனத்த கட்டைகள். அவற்றையும் குறுக்குச் சட்டங்களையும் பலகைகளையும் ஒரே நடையில் ஏற்றினான். தோணியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு உள்ளங்கை அகலம்தான் இருந்தது. மூச்சுவிடவே பயந்து கழி ஊன்றி வீடு வந்து சேர்ந்தான்.

பழைய தளத்தைப் பிரித்துப் போட்டான். புது வேலையை எங்கிருந்து தொடங்குவது? யோசிக்கிறவன் வீட்டுச் சுவரை ஒட்டித் தொடங்குவான். அகோசு வெளி விளிம்பிலிருந்து தொடங்கினான். அங்கேதான் போகிற வருகிற தோணிகள் எல்லாம் பார்க்கும். முதல் வரிசைக் கால்களைச் சேற்றில் இறக்கினான். இனி உயரம் பார்த்து வெட்ட வேண்டும். அந்த ஊரில் இதற்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டதில்லை. ஏரி கிடக்கிறது, ஒரு சுருக்கமில்லாமல். தண்ணீரிலிருந்து குச்சியால் அளந்து ஒவ்வொரு காலிலும் கோடு போட்டால் தளம் தானாகச் சமமாக நிற்கும். குழந்தைகளுக்கும் தெரிந்த விஷயம் இது. ஒரே ஒரு கஷ்டம், ஒவ்வொரு காலுக்கும் தண்ணீர்வரை குனிய வேண்டும்.

அகோசுவுக்கு இடுப்பில் பிடிப்பு. அல்லது பிடிப்பு இருப்பதாக அவனுக்கு ஞாபகம். தோணியில் நிமிர்ந்து நின்றபடி, காலில் எந்த இடம் தன் நெஞ்சுக்கு நேராக வருகிறதோ அங்கே கரிக்கோடு போட்டான். "நெஞ்சு என்ன வளரவா போகுது?" என்று தன்னிடமே சொல்லி, அந்த யோசனைக்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

முதல் வரிசையை நெஞ்சளவுக்கு வெட்டினான். நடு வரிசையை நெஞ்சளவுக்கு வெட்டினான். கடைசி வரிசையை, வாசலை ஒட்டி, அதே நெஞ்சளவுக்கு வெட்டினான். பழைய தளம் வாசற்படிக்கு ஒரு சாண் கீழே இருந்தது. புதியது படிக்குக் கச்சிதமாக வந்து நின்றது. தன் கைக்கு இப்படி ஒரு நறுவிசு இருப்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

வாசலிலிருந்து ஏரியைப் பார்த்து நீளவாக்கில் பலகைகளை அடித்து முடித்தபோது, பக்கத்து வீட்டுத் தோசி தக்காளித் தோணியோடு அந்த வழியாக வந்தாள். தோணியை நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குண்ணே. ஏரிக்கு மரியாதையா வணக்கம் சொல்ற மாதிரி இருக்கு."

"அதான் வேலைங்கிறது," என்றான் அகோசு.

அவள் தோணியைத் தள்ளிக்கொண்டு போனாள். தோள் குலுங்கியதை அவன் கவனித்திருக்கலாம். அவன் தளத்தில் மேலும் கீழுமாக நடந்து பார்ப்பதில் மும்முரமாக இருந்தான். ஆடுகிற தோணியில் வளர்ந்த கால்களுக்கு எந்தச் சரிவும் சரிவாகத் தெரியாது, அவை பாட்டுக்குச் சமாளித்துக்கொள்ளும். குதித்துப் பார்த்தான். ஒரு முனகல் இல்லை. உடனே சொல்லி அனுப்பினான்.

பாதோனு மறுநாளே வந்தார். அதே நீல அங்கி, மறுபடி கஞ்சி போட்டிருந்தது. ஹுவேஃபா தோணியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கூடைகளும் அவள் காலடியில் இருந்தன. அகோசு கூடைகளைத்தான் முதலில் பார்த்தான்.

மாமனார் ஒரு காலை வைத்தார். நின்றார். மறு காலை வைத்தார். நடுவில் போய் இரண்டு முறை எம்பினார். தோணிகள் ஆடின, தளம் அசையவில்லை.

"தாங்குது," என்றார், சற்று ஏமாற்றத்தோடு.

அகோசு நாற்காலி போட்டான். மனைவியை அழைக்க வருகிறவன் மாமனாருக்கு ஊற்ற வேண்டிய பனஞ்சாராயத்தைச் சுரைக் குடுவையில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினான். பாதோனு உட்கார்ந்து அதை வாங்கினார். குடிப்பதற்கு முன், முன்னோர்களுக்கென்று தரையில் கொஞ்சம் சாய்த்தார்.

அந்தத் துளி முன்னோர்களிடம் போகவில்லை. பலகையின் மேல் ஒரு கோடாக ஓடியது. நின்று யோசிக்கவுமில்லை. விளிம்பு வரை ஓடி, ஏரியில் குதித்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள். பாதோனு மெதுவாகக் குனிந்து குடுவையைத் தரையில் வைத்தார். அது ஒரு கணம் நின்று, ஒருக்களித்து, உருண்டு, மிச்சத்தையும் கொட்டிக்கொண்டு அதே வழியில் போய் விழுந்தது.

கீழே வந்து நின்ற தக்காளித் தோணியிலிருந்து தோசியின் குரல் வந்தது. "புடிச்சிட்டேன். நான்தான் அன்னைக்கே சொன்னேனே அண்ணே, வணக்கம் சொல்லுதுன்னு."

பாதோனு நாற்காலியில் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார். ஹுவேஃபா தோணியில் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கூடைகள் இன்னும் அவள் காலடியில்தான் இருந்தன.

"ஏன் சாய்ஞ்சிருக்கு?" என்றாள்.

அகோசுவின் வாயில் பதில்கள் வரிசையாக வந்து நின்றன.

"மரம் சரியில்லையா?" அவளே கேட்டாள்.

"மரம் நல்ல மரம்."

"ஏரி இறங்கிருச்சா?"

"ஏரி எங்கயும் போகல."

"பின்ன?"

அவன் கண்கள் கூடைகளிலேயே இருந்தன. நல்ல பொய் சொன்னால் அவை மேலே வரக்கூடும். ஆனால் எந்தப் பொய்யையும் அவள் ஏற்கெனவே கேட்டிருப்பாள். அதோடு, தளத்தை அடித்த நாள் முழுக்க அவன் நினைத்தது அவளைத்தான், பொய்யை இல்லை.

"தண்ணியில இருந்து அளக்கணும்னா குனியணும்," என்றான். "எனக்குக் குனியச் சோம்பல். தோணியில நின்னு நெஞ்சுக்கு நேரா கோடு போட்டேன். பாரத்தோட தோணி தாழ்ந்து கெடந்துச்சு. ஒவ்வொரு காலா இறக்க இறக்கத் தோணி மேல வந்துச்சு. தோணியோட நானும் வந்தேன். என்னோட நெஞ்சும் வந்துச்சு." சற்று நிறுத்தினான். "இதெல்லாம் இப்பதான் புரியுது, குடுவை உருண்டப்போ. காலு முதல்ல போயிருச்சு."

பாதோனுவின் வயிறு முதலில் குலுங்கியது, பிறகு தோள், பிறகு நாற்காலி. கண்ணில் நீர் வரச் சிரித்தார். தளம் அதையும் தாங்கியது.

"தாங்கணும்னுதான் சொன்னேன் மாப்பிள்ளை. சமமா இருக்கணும்னு சொல்ல மறந்துட்டேன். அது என் தப்பு."

ஹுவேஃபா சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்ற வழியில அப்பாவும் நானும் பந்தயம் கட்டினோம்," என்றாள். "எதாவது கோணலா இருக்கும், நீ மரத்து மேல பழியைப் போடுவேன்னு அவரு. ஏரி மேலன்னு நான்."

"யாரு ஜெயிச்சது?"

"ரெண்டு பேரும் தோத்துட்டோம்." குனிந்து ஒரு கூடையைத் தூக்கி அவனிடம் நீட்டினாள். "புடி. கனமா இருக்கு."

அவன் இரண்டு கையாலும் வாங்கி வைத்தான். இரண்டாவது கூடையும் மேலே வந்தது. பிறகு அவளும் வந்தாள். பழக்க தோஷத்தில் இடது கோடியைத் தவிர்த்து, இல்லாத ஆணித் தலைகளைத் தேடி இரண்டு அடி வைத்தாள். பிறகு நேராக நடந்தாள்.

பாதோனு போனபின் அவள் தளத்தைச் சுற்றிப் பார்த்தாள். மீன் கழுவுகிற தண்ணீர் தானாக வழிந்து போய்விடும், அது வசதிதான் என்றாள். சாமான்கள் போகாமலிருக்க வெளி விளிம்பில் நீளமாக ஒரு கட்டை அடித்தால் போதும் என்றாள். பிறகு இருவரும் தளத்தின் ஓரத்தில் ஏரியைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சரிவில் அவளுக்கு உட்காரப் பிடிப்பு இல்லை. சறுக்காமலிருக்க அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை எடுக்கவில்லை.

அகோசு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கட்டை அடித்துவிட்டால் இந்தப் பிடிக்கு அவசியம் இருக்காது.

"அந்தக் கட்டைய..." என்று தொடங்கினான்.

"நாளைக்குன்னு மட்டும் சொல்லிராத," என்றாள் ஹுவேஃபா.

அவன் தோளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். பிறகு அவளாகவே சொன்னாள். "சரி, நாளைக்கு அடி."