பத்து எண்ணும் வரை

கொழுந்தன் படகு மோட்டாரைத் தூக்கி முற்றத்துத் தண்ணீர் ட்ரம்மின் விளிம்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். சாவு வீட்டில் மோட்டார் சத்தமா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் அவள் கணவரை அக்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வேறொருவர் படகில் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் சமையலறை வாசல் படியில் நின்று மோட்டாரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி விழலியே அண்ணி. அண்ணன் போன வாரம்தான பம்பு ரப்பர் மாத்துனாரு?"

"ஆமா. அன்னைக்கு நல்லா விழுந்துச்சு."

ஓடுகிற மோட்டார் கீழேயிருந்து தண்ணீரை இழுத்து உடம்பைக் குளிர வைத்துக்கொள்ளும். அதில் கொஞ்சம் பின்பக்கத் துளை வழியே பீய்ச்சி விழும். விழுந்தால் நலம். அந்த வீட்டில் அதற்கு, "ஒண்ணுக்குப் போகுதா பாரு" என்று பேர். மோட்டாரைப் பார்த்துக்கொள்வது கணவர், படகை ஓட்டுவது அவள். இருபத்தாறு வருடமாக அதே ஏற்பாடு, அதே சண்டை. அவள் விரட்டுவாள், அவர் நிறுத்தச் சொல்வார். பதறாத காரியம் சிதறாது என்பார். இந்த மனிதரால் ஒரு காரியமும் நடக்காது என்று அவள் முணுமுணுப்பாள்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு, நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. மகள் அக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ். போனில் சொன்னதும், "உடனே கூட்டிட்டு வாங்க, நான் ஸ்ட்ரெச்சரோட துறையில நிக்கிறேன்" என்றாள். நான்கு நாளாகத் தாழ்வாரத்தில் தொங்கிக் கிடந்த மோட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பியாகிவிட்டது.

பாதி வழியில் அவர்தான் கவனித்தார். பலகையில் படுத்திருந்தவர் வானத்தைப் பார்க்காமல் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி விழலியே."

"விழாட்டிப் போகுது. பேசாம படுங்க."

"சூட்டுல இறுகிட்டா நடுத்தண்ணியில நிப்ப. மூடியைக் கழட்டிட்டு ஹெட்ல கை வச்சுப் பாரு."

அது அவருடைய கணக்கு. மூடியை எடுத்துவிட்டு என்ஜின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ண வேண்டும். கை தாங்கினால் ஓட்டலாம். தாங்காவிட்டால் நிறுத்த வேண்டும். மூடியின் கொக்கிகளைக் கழற்ற அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை இழக்க அவளுக்கு மனமில்லை. கையை நீட்டிக் கறுப்பு மூடியின் மேலேயே வைத்துப் பார்த்தாள். வெயிலில் காய்ந்திருந்த மூடி சுரீரென்று சுட்டது.

"கொதிக்குது."

"பத்து எண்ணுனியா?"

"எண்ணுனேன், எண்ணுனேன்."

"அப்ப நிறுத்து. இருபது நிமிஷம் ஆறட்டும்."

நிறுத்தினாள். துடுப்பை எடுத்து வலித்தாள். அந்தக் கனமான படகு துடுப்புக்கு எங்கே நகரும்? கொஞ்ச நேரம் கழித்து அவர் மெல்லச் சொன்னார். "நான்தான் பம்பைச் சரியாப் போடல போல. உன்னை வெயில்ல நிக்க வச்சுட்டேன்."

அதுதான் கடைசிப் பேச்சு. எதிரே வந்த படகு கட்டி இழுத்துப் போய்த் துறையில் விட்டபோது மகள் படகுக்குள் குதித்து அப்பாவின் கழுத்தில் விரல் வைத்தாள். பிறகு, நேரம் குறிக்கும் வேலைப் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அதன்பின் அவள் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. ஏன் நடுவில் நிறுத்தினாய் என்று கேட்கக்கூட இல்லை. கேட்டுவிட்டால் தேவலை என்று அம்மாவுக்கு இருந்தது.

கொழுந்தன் மோட்டாரை அணைத்துவிட்டுத் துளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டுக் குடைந்தான். காய்ந்த மண் உதிர்ந்து வந்தது. மறுபடி கயிற்றை இழுத்தான். மிச்ச மண்ணைத் துப்பிவிட்டுத் தண்ணீர் விரல் தடிமனில் பீய்ச்சி விழுந்தது.

"குளவி கூடு கட்டியிருக்கு அண்ணி. நாலு நாள் சும்மா கெடந்ததுல துளையை அடைச்சிருக்கு. அவ்வளவுதான். வெளிய விழாட்டியும் உள்ள தண்ணி ஓடி மோட்டாரைக் குளிர வச்சிருக்கும்." மூடியைக் கழற்றி ஹெட்டில் கை வைத்தான். உதடு அசைய எண்ணினான். "பம்பு அருமையா இருக்கு. இது அக்கரைக்குப் போயிட்டுத் திரும்பி…"

அங்கே நிறுத்திக்கொண்டான். அவளைப் பார்த்தான். பிறகு கம்பியைத் துடைக்கத் தொடங்கினான். கம்பியில் துடைக்க ஒன்றும் இல்லை.

சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள். "என்ன சித்தப்பா ஆச்சு அதுக்கு?"

"பம்பு போயிருந்துச்சும்மா. ரப்பர் சரியா உக்காரல. இப்ப சரி பண்ணிட்டேன். யாரு ஓட்டியிருந்தாலும் நிறுத்தித்தான் ஆகணும்."

"அப்பா போட்ட ரப்பரா?"

"ஆமாம்மா. வயசாயிருச்சுல்ல, கண்ணு சரியாத் தெரிஞ்சிருக்காது."

மகள் தலையாட்டினாள். நல்ல மனசோடு சொன்ன பொய். அதன் நிழலில் அம்மா சாகும்வரை உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் எழுப்பப் போவதில்லை. ஆனால் உள்ளே கிடப்பவர் தன் வேலை தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டே போனவர். கழற்றிய ஒரு திருகாணியைக்கூடத் திரும்ப மாட்ட மறக்காத மனிதர். அவர் போன பிறகும் அந்தப் பழி அவர் தலையில்தான் கிடக்க வேண்டுமா?

"பம்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"அண்ணி, விடுங்க."

"நீங்க சும்மா இருங்க தம்பி." மகளைப் பார்த்தாள். "உங்கப்பா பாத்த வேலையில ஒரு குத்தமும் இல்ல. தண்ணி வர்ற துளையைக் குளவி அடைச்சிருக்கு. மோட்டார் சூடாவே இல்ல. ஹெட்ல கை வைக்கச் சொன்னாரு. நான் அவசரத்துல மூடியைத் தொட்டேன். வெயில் சூடு. பத்து எண்ணுனியான்னு கேட்டாரு, எண்ணுனேன்னு பொய் சொன்னேன். அதான் நிறுத்தச் சொன்னாரு."

கூடத்தில் யாரோ இருமினார்கள். மோட்டார் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு மகள் படியிறங்கி ட்ரம்மின் அருகே வந்தாள். கொழுந்தன் ஒதுங்கி வழிவிட்டான். அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த என்ஜினின் தலையில் உள்ளங்கையை மெதுவாக வைத்தாள். அவள் உதடுகள் அசைந்தன. பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

படியில் நின்றிருந்த அம்மாவும் மனதுக்குள் கூடவே எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. பதினைந்து. முப்பது தாண்டியும் மகள் கையை எடுக்கவில்லை.