கேட்டுக்கு இந்தப் பக்கம்

அக்கா டீ டம்ளரைக் கேட் தூணின் மேல் வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்றாள். அதன் பிறகுதான் தங்கை வந்து எடுத்துக்கொண்டாள். இந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தான். காலையில் ஏரிச் சேற்றில் நின்று, வலையில் சிக்கிய காட்டு வாத்துகளின் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது அவள் வேலை. பறவைக் காய்ச்சல் வந்து இறங்கியிருக்கிறதா என்று பார்க்க. அந்தக் கையும் காலும் வாத்து வளர்க்கிற வீட்டுக்குள் போகலாமா? வலசைப் பறவைகள் கிளம்புகிறவரை கூடப் பிறந்தவள் வீடு கேட்டோடு சரி. கேட்டுக்கு உள்ளே, வருகிறவர்கள் காலை நனைத்துக்கொள்ள ஒரு தட்டில் மருந்துத் தண்ணீர். அதுவும் அவள் ஏற்பாடுதான்.

"என்ன டாக்டரம்மா, உன் ஏரிச் சம்பந்திங்க எல்லாம் சௌக்கியமா?"

"போன வாரம் எடுத்ததுல ஒண்ணும் இல்லன்னு வந்திருக்குக்கா."

"அப்ப வெளிய விடலாமாடி? கொட்டகையிலயே கிடந்து ஒண்ணையொண்ணு கொத்திக்குதுங்க. தீவனம் வாங்கியே நான் ஓட்டாண்டி ஆயிடுவேன் போல."

போன வாரத்து முடிவு போன வாரத்துக்குத்தான். முந்தாநாள் எடுத்தது இன்னும் ஆய்வுக்கூடம் போய்ச் சேரவில்லை. வேறு யார் கேட்டிருந்தாலும் "பொறுங்க" என்றுதான் சொல்லியிருப்பாள்; சொல்லியும் இருக்கிறாள், ஏரியைச் சுற்றி வாத்து வைத்திருக்கிற அத்தனை பேரிடமும். ஆனால் எதிரே நின்றவள் அக்கா. அத்தான் போன பிறகு இந்த வாத்துகளை நம்பியே பிழைப்பை ஓட்டுகிறவள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"விடுக்கா" என்றாள்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி வாத்துகள் ஏரி வாய்க்காலுக்கு ஓடின. அக்காவின் செல்லமான நொண்டி வாத்து எல்லாவற்றுக்கும் பின்னால் தத்தித் தத்திப் போய்த் தண்ணீரில் பொத்தென்று விழுந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. பார்த்துக்கொண்டிருந்த தங்கைக்கு வயிறு குளிர்ந்தது.

ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தபோது அவள் ஏரியில்தான் இருந்தாள். அக்காவின் வாத்துகளை விடுவதற்கு இரண்டு நாள் முன்பு பிடித்தவற்றில் கிருமி இருந்ததாம். கொழுகொழுவென்று, நோயின் சாயலே இல்லாமல், கையில் திமிறிய பறவைகள். வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா அப்போதே எல்லாவற்றையும் ஓட்டி வந்து அடைத்தாள். அடைத்து என்ன செய்ய? சில நாளில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"நொண்டி ஒரே இடத்துல சுத்திச் சுத்தி வருதுடி. கழுத்து ஒரு பக்கமா இழுக்குது. தண்ணி வச்சா குடிக்கத் தெரியல. ஏண்டி இப்படிப் பண்ணுது?"

என்னவென்று அவளுக்குத் தெரியும். அலுவலகத்துக்குத் தகவல் சொன்னாள்.

நோய் வந்த பண்ணைகளில் வாத்துகளை அழிக்க வேறு ஆட்கள். ஏரியில் இறங்குகிறவர்கள் உள்ளே போகக் கூடாது. அதனால் வெள்ளை உடுப்புக்காரர்கள் சாக்குகளோடு உள்ளே போனபோதும், கொல்லையில் குழி தோண்டும் சத்தம் கேட்டபோதும், அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே நின்றாள். கொட்டகையில் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அக்கா அழுவது மட்டும் கேட்டது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள ஒரு கேட்தான் குறுக்கே. அவள் அழுதுகொண்டே நின்றாள்.

சுண்ணாம்பு போட்டுக் குழியை மூடி, கொட்டகையைக் கழுவி, இனி ஆட்கள் வந்து போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏரியில் பறவைகள் இன்னும் கிளம்பவில்லை. தங்கை வழக்கம்போல வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான்தான்..."

 அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. தூணின் மேல் டம்ளர் இல்லை. அக்கா நேராக வந்து, தாழ்ப்பாளை நீக்கி, கேட்டை அகலத் திறந்தாள்.

"இனிமே என்னடி. உள்ள வா. டீ ஆறுது."

தங்கை உள்ளே வந்தாள். வந்த கால், வேலைப் பழக்கதோஷத்தில், மருந்துத் தட்டில் இறங்கியது. தட்டு காய்ந்து கிடந்தது. அவள் அடுத்த காலையும் எடுத்து அதில் வைத்தாள். அதுவரை அக்கா கேட்டைப் பிடித்தபடியே நின்றாள்.