சார்ட்டில் வந்த முகம்

மாரிசெல்வி கடையில் வாங்கிவந்த சார்ட்டில் ஒரு கட்டம் மட்டும் வெட்டப்பட்டு ஓட்டையாக இருந்தது. மற்றவை அப்படியே இருந்தன. காமாலைக்காரனின் கண் மஞ்சளாக விழித்தது. யானைக்கால் ஒன்று ஆளில்லாமல் தனியாக நின்றது. கோழிக்குஞ்சு அளவுக்கு ஒரு கொசு உட்கார்ந்திருந்தது.

"இதுல என்ன படம் புள்ள இருந்துச்சு?" என்று வேலுத்தாய் கேட்டாள்.

"மை கொட்டிருச்சும்மா. அதான் வெட்டிப்புட்டேன்."

எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை. சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை. வேலுத்தாய் அதைக் கவனிக்கத்தான் செய்தாள். பள்ளிக்கூடத்தில் யாரோடாவது சண்டையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. பள்ளிக்கூடங்களுக்குப் புராஜெக்ட் என்று ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ஒரு குழுவுக்குப் புலவர்கள், ஒரு குழுவுக்கு விடுதலைப் போராட்ட வீரர்கள், இன்னொன்றுக்குச் சட்டசபையும் நாடாளுமன்றமும், மிச்சமிருந்த பிள்ளைகளுக்கு நோய்கள். பிள்ளைகள் கடைக்குப் போய்ச் சார்ட்டு வாங்கி, கட்டம் கட்டமாக வெட்டி, தாளில் ஒட்டி, கீழே இருப்பதைப் பார்த்து எழுதவேண்டும். இரண்டாயிரம் வருஷத்து இலக்கியமும் காலராவும் ஒரே அளவுச் சதுரத்துக்குள் அடங்கிவிடும். பசை காய்ந்ததும் படிப்பு முடிந்துவிடும். நாட்டிலுள்ள பிள்ளைகள் ஒட்டுகிற இந்தச் சார்ட்டெல்லாம் அச்சாவது வேறெங்கும் இல்லை, பக்கத்திலிருக்கும் சிவகாசியில்தான்.

வேலுத்தாய் அதே பள்ளிக்கூடத்தில் சத்துணவுக் கூடத்து உதவியாள். மறுநாள் மதியம் சோற்றுப் பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வராண்டாவில் வந்தவள், ஏழாம் வகுப்புச் சுவரில் பிள்ளைகள் ஒட்டிவைத்திருந்ததைப் பார்த்து நின்றாள். அவளுடைய முகம்தான். இடது கன்னம் சுருண்டு, காதுமடல் பாதியாகி, மடங்கிப்போன விரல்களை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அவளே அங்கே நின்றாள். கீழே கொட்டை எழுத்தில் 'தொழுநோய்' என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே, தோல் தடிக்கும், விரல் மடங்கும், தொட்டால் உணர்வு இருக்காது என்று பொடி எழுத்தில் அறிகுறிகள்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். மகள் வெட்டியெறிந்த கட்டம் எது என்று அப்போதுதான் விளங்கியது.

அந்தப் படம் அவளுக்குப் புதிதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற ஷெட்டு தீப்பிடித்தது. உள்ளே இருந்த அவள் புருஷன் முத்துக்கருப்பன் வெளியே வரவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் நின்றதால் வேலுத்தாய் வந்தாள், வெந்த உடம்போடு. மறுவருஷம் தேர்தல் வந்தபோது கட்சிக்காரர்கள் அவளைச் சிவகாசி ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார்கள். "முக்காட்டை எடும்மா, கையை நல்லா நீட்டும்மா, கொஞ்சம் அழுதாப்புல இரும்மா" என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். 'நிவாரணம் எங்கே?' என்ற போஸ்டரில் அவள் முகம் சாத்தூர் வரைக்கும் சுவர் சுவராக ஒட்டப்பட்டது. ஜெயித்தவர்கள் அதிசயமாக அவளை மறக்கவில்லை. நிவாரணம் வரவில்லை, ஆனால் இந்தச் சத்துணவு வேலை வந்தது.

வந்த புதிதில் சின்னப் பிள்ளைகள் அவளைப் பார்த்து அழுதார்கள். ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். "ஆயா, இன்னொரு கரண்டி" என்று தட்டை நீட்டினார்கள். கருகின விரல்களுக்குச் சூடு தெரியாது. கொதிக்கிற மூடியை வெறுங்கையால் தூக்குவாள். "வேலுத்தாய்க்குக் கரித்துணிச் செலவு இல்லப்பா" என்று சமையல்காரி சோலையம்மாள் கேலி பண்ணுவாள், இவளும் சேர்ந்து சிரிப்பாள். இந்தக் கரண்டி கையைவிட்டுப் போனால் வேறு எந்தக் கம்பெனியும் இந்தக் கையை உள்ளே விடாது. அப்புறம் மாரிசெல்விதான் வெடிக்குக் குழாய் சுற்றப் போகவேண்டும். தகப்பனைத் தின்ற வேலைக்குப் பிள்ளையை அனுப்பக்கூடாது என்பது ஒன்றுதான் வேலுத்தாய்க்கு இருந்த வைராக்கியம்.

அன்றைக்கே வரிசை குறைந்தது. மறுநாள் அவள் பானைக்கு முன்னால் ஈ காக்காய் இல்லை. சோலையம்மாள் பக்கம் வராண்டா முனைவரை பிள்ளைகள் நின்றார்கள். பெற்றவர்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து கூடினார்கள். முன்னால் நின்று சத்தம் போட்டவன் ஒச்சப்பன், அவனே சிவகாசிப் பிரஸ் ஒன்றில் லோடு ஏற்றுகிறவன்.

"வெடியில வெந்தவதான், நாங்களும் பாத்தோம். இல்லேங்கல. அதுக்குப் பெறகு அந்தச் சீக்கு வந்திருக்கக்கூடாதா? இல்லாமலா சார்ட்டுல போடுவாக?"

நான் சொல்கிறேன், இவர்களைப்போல் விவரம் தெரிந்த ஜனம் வேறெங்கும் கிடையாது. எந்தப் படம் எங்கிருந்து வருகிறது, எந்த மை எப்படிக் காய்கிறது எல்லாம் அத்துப்படி. வீட்டுக்கு ஒருவர் பிரஸ்ஸில் நிற்கிறார்கள். சாமி படத்தையே கட்டுக்கட்டாக அடித்து, ஓரம் வெட்டி, மிச்சத்தைக் குப்பையில் போடுகிறவர்கள். ஆனாலும் அச்சில் வந்துவிட்டால் அது சத்தியம். பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பக்கத்து ஊர் மிஷின் அடித்துக் கொடுத்தாலும் சத்தியம்தான்.

தலைமையாசிரியை ஆவுடைத்தாய் டீச்சர் சுவரிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். "நான் கிழிச்சா மட்டும் போதாது வேலுத்தாய். டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வா. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் அவள் அந்தச் சார்ட்டு அடித்த பிரஸ்ஸுக்குப் போனாள். சார்ட்டின் அடியில் பேர் இருந்தது. கம்ப்யூட்டரில் படம் சேர்க்கிறவன் மணிமுத்து அவளை நிமிர்ந்து பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். திரையில் பார்த்த முகம் கதவைத் திறந்துகொண்டு வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"அக்கா, நீங்க யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. பள்ளிக்கூட சீசன், ஆர்டர் மேல ஆர்டர். அந்தச் சீக்குக்கு மட்டும் படம் அமையல. நெட்டுல எடுத்தா மங்கலா வருது. எலெக்‌ஷனுக்கு நம்ம பிரஸ்லதான் போஸ்டர் அடிச்சது. அந்தப் படம் கம்ப்யூட்டர்ல அப்படியே கெடந்துச்சு. தெளிவா இருந்துச்சுக்கா, அதான்."

முதலாளி கண்ணுச்சாமி கெட்ட மனுஷர் இல்லை. உட்காரச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார், மணிமுத்துவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டார். பிறகு கையை விரித்தார்.

"லோடு எல்லா ஊருக்கும் போயிருச்சும்மா. போனதைத் திரும்ப வாங்க முடியாது. அடுத்த தடவை அடிக்கயில கட்டாயம் வேற படம் போட்டுருதேன்."

"வேற யாரு படத்தை மொதலாளி போடுவீக?"

அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். புறப்படும்போது மகளுக்கென்று புலவர்கள் சார்ட்டும் தலைவர்கள் சார்ட்டும் சுருட்டிக் கொடுத்தார். முகத்தில் எறிந்துவிட்டு வந்திருக்கவேண்டும். வேலுத்தாய் வாங்கிக்கொண்டாள். பிள்ளைக்குப் படிக்க வேண்டுமே.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கண்ணை மூடச் சொல்லிக் கையில் குண்டூசியால் குத்திப் பார்த்தார். முழங்கையில் குத்தினால் சுரீரென்றது. விரலில் குத்தியது தெரியவே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது விரல்நுனியில் பொட்டாக ரத்தம் இருந்தது.

"அம்மா, அதுல இப்படித்தான் போட்டிருக்கு. தொட்டாத் தெரியாதுன்னு."

"நெருப்புல நரம்பு வெந்துபோச்சும்மா. இது தீத்தழும்பு, வேற ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டரம்மா. "அப்படியே அந்த வியாதி இருந்தாலும் மாத்திரையில குணமாயிடும். நீங்க சமைச்சுப் போட்டு யாருக்கும் ஒட்டாது." எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்.

சீல் வைத்த காகிதம் மடியில் இருந்தது. ஆனால் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அவள் விரலை விரலால் கிள்ளிக்கொண்டே வந்தாள். இரண்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டு கொதிக்கிற மூடியைத் தூக்கின கைதான். மறுநாள் அடுப்படியில் மூடியைத் தொட்டபோது சூடு தெரியவில்லை என்பது அவளைக் கலங்கடித்தது. கரித்துணியைத் தேடி எடுத்தாள். சோலையம்மாள் அதைப் பார்த்தாள், கேலி பண்ணவில்லை.

ஆவுடைத்தாய் டீச்சர் காலைப் பிரார்த்தனையில் டாக்டர் எழுதினதைச் சத்தமாக வாசித்தார். பெற்றவர்களையும் மதியத்துக்கு வரச்சொல்லியிருந்தார். அவருடைய திட்டம் எளிமையானது. "மொதல்ல ஒம் மக ஒங்கையால வாங்கிச் சாப்பிடட்டும். எல்லாரும் பாக்கட்டும். ரெண்டு பிள்ளை பின்னால வந்தாப் போதும், நாளைக்கு எல்லாம் பழையபடி ஆயிரும்" என்றார். மாரிசெல்வியிடமும் சொல்லியாயிற்று. ஒருவாரமாக வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்பதை அவள் வீட்டில் சொல்லவில்லை, சோலையம்மாள்தான் சொன்னாள். அப்படியிருந்தும் பிள்ளை தயங்கவில்லை. தலையை இழுத்துச் சீவி, தட்டை இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்தாள்.

மணி அடித்தது. சாம்பார் சாதமும் முட்டையும். சோலையம்மாள் பானை ஒரு பக்கம், வேலுத்தாய் பானை ஒரு பக்கம். வேப்பமரத்தடியில் ஒச்சப்பனும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். பிள்ளைகள் தட்டோடு வரிசைக்குப் போகாமல் வேடிக்கை பார்த்தார்கள். மாரிசெல்வி நேராக நடந்துவந்து அம்மாவுக்கு முன்னால் தட்டை நீட்டினாள்.

வேலுத்தாய் கரண்டியில் சோற்றை அள்ளினாள். அள்ளின கை அங்கேயே நின்றது.

"போடும்மா" என்றாள் மாரிசெல்வி.

கரண்டிக் காம்பைச் சுற்றி மடங்கியிருந்த விரல்களை வேலுத்தாய் பார்த்தாள். மகளுக்குப் பின்னால், ஒரு எட்டு விலகி நின்ற பெண்பிள்ளைகளைப் பார்த்தாள். நாளைக்கு இவளையும் சுவரில் ஒட்டிவிடுவார்கள் என்று தோன்றியது. அது மட்டும்தான் தோன்றியதா என்றால், அது வேறு கேள்வி.

"எல்லாரும் பாக்காக. போடும்மா."

"அங்கன போய் வாங்கிக்க தாயி" என்றாள் வேலுத்தாய்.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த அமைதியில் வேப்பமரம் வரைக்கும் கேட்டது. மாரிசெல்வி நகரவில்லை. தட்டு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

"பாத்தீகளா, பெத்த மகளுக்கே போடல. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றான் ஒச்சப்பன். இந்தத் தடவை அவன் சத்தம் போடவில்லை. பாவம் என்பதுபோலத்தான் சொன்னான். ஆவுடைத்தாய் டீச்சர் வேலுத்தாயை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பிள்ளைகளைச் சோலையம்மாள் பக்கம் போகச் சொன்னார். அதற்கப்புறம் டாக்டர் காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று டீச்சர் சொன்னதைச் சோலையம்மாள் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மாரிசெல்வி எந்தப் பானையிலும் வாங்கவில்லை. சாயங்காலம் வெறுந்தட்டோடு வீட்டுக்கு வந்தாள். முதலாளி கொடுத்த சார்ட்டுகள் கொடியில் சுருட்டியபடி தொங்கின. அவற்றை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுருட்டிவைத்தாள்.

"குழாய் சுத்துற இடத்துல ஆளு கேக்காகளாம். நான் போறேன்" என்றாள்.

"ஒன்னைய ஒதுக்கிருவாகன்னுதான் தாயி நான் அப்படிச் சொன்னேன். ஒனக்காகத்தான்."

மாரிசெல்வி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"நீயும் நம்பிட்டியாம்மா?"

இல்லை என்று சொல்ல வேலுத்தாய் வாயைத் திறந்தாள். அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்து அழுதாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த மடங்கின விரல்களை எடுத்துத் தன் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பிடித்திருக்கிறாள் என்பது வேலுத்தாய்க்குக் குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.