லுத்தாயா வீட்டுத் திரைச்சீலை துளிர்த்த வரலாறு

ஏப்ரல் மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு லுத்தாயாவின் சன்னல் திரைச்சீலை துளிர்விட்டது. அன்று மசாக்காச் சந்தையில் வாழைத்தார் ஒன்று பதினெட்டாயிரம் ஷில்லிங்குக்கு விற்றது. சீனி விலையில் மாற்றம் இல்லை. துளிரில் இரண்டு இலைகள் இருந்தன. அவற்றைப் பதினேழு பேர் நேரில் கண்டனர். அவர்களுள் நானும் ஒருவன். ஆதலால் நிகழ்ந்தவற்றை முறைப்படி கூறுவது என் கடமையாகிறது.

லுத்தாயா எங்கள் முச்சந்தியில் சூரிய விளக்குகளைப் பழுதுபார்ப்பவன். அவன் மணக்க விரும்பிய நலுமான்சி, மரக்கன்றுப் பண்ணையில் பணிபுரிபவள். அவள் ஒரே ஒரு நிபந்தனையின் பேரில் சம்மதம் தந்தாள். "நம்ம வீட்டுக்குள்ள வர்ற எதுவும் இன்னொண்ணைச் சாகடிச்சுட்டு வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். "அப்ப கோழி?" என்று அவன் கேட்டான். "கோழி அடுப்படி விசயம். நான் நாற்காலியைப் பத்திப் பேசறேன்." இவ்விளக்கம் அவனுக்குப் பேருவகை அளித்தது. அன்று முதல் ஏழு மாதங்கள் அவன் மோட்டார் சைக்கிளில் மாவட்டம் முழுவதும் சுற்றினான். ஏரியை அடைத்துக் கிடந்த ஆகாயத்தாமரையின் தண்டுகளை உலர்த்திப் பின்னிய நான்கு நாற்காலிகள் வந்தன. ஏரியின் நீர்மட்டம் உயரும்போதெல்லாம் அவை தரையை விட்டு அரை விரற்கடை உயர்ந்து நின்றன. இடிக்கப்பட்ட தேவாலயத்தின் பழைய பலகைகளால் ஆன கட்டில் வந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அது தாழ்ந்த குரலில் பாடியது, சுருதி மட்டும் சற்றே பிசகியது. வாழைநார்க் கூடு மாட்டிய சூரிய விளக்கு வந்தது. பகலில் எந்த வானத்தை உண்டதோ அதையே அது மாலையில் உமிழ்ந்தது, எனவே மழை நாள்களில் அதன்கீழ் அமர்ந்தோர் குடை தேடினர். ஒவ்வொரு பொருள் வந்திறங்கும்போதும் நாங்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினோம். திருவிழாவுக்குக்கூட அவ்வளவு விரைந்து ஓடியதில்லை.

இறுதியாக வந்தது திரைச்சீலை. பக்கத்து மேட்டில் செபோவா என்பவனுக்கு முட்டுபா என்னும் அத்தி மரம் ஒன்று உண்டு. அதன் பட்டையை மழைக்காலத்தில் முழுதாக உரித்தெடுத்து, வெற்றுத் தண்டை வாழையிலையால் சுற்றிக் கட்டிவிட்டால், மரம் சாவதில்லை. மறு ஆண்டு புதுப் பட்டை போர்த்திக்கொள்ளும். உரித்த பட்டையைக் கொட்டாப்புளியால் அடித்து அடித்து அகலமாக்கி வெயிலில் விரித்தால் செம்மண் நிறத்தில் மெத்தென்ற துணி கிடைக்கிறது. கம்பாலாவின் விடுதி ஒன்றில் அதைத் திரைச்சீலையாகக் கண்டு வியந்திருந்த லுத்தாயா, நவம்பர் மழையில் தன் முன்னறைச் சன்னலுக்கும் அதையே மாட்டினான். அத்துணியில்தான் எங்கள் ஊர் தன் இறந்தோரைச் சுற்றிப் புதைக்கிறது. அதை அவன் அறியாதவன் அல்லன். மகிழ்ச்சி மிகுதியால் மறந்துபோனான்.

பெண்ணின் தந்தையுடன் பிறந்த அத்தையை நாங்கள் செங்கா என்கிறோம். செங்கா மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் திருமணம் உறுதி. உட்காராமல் திரும்பினால், அப்பேச்சு பெண்ணின் தந்தையின் செவிக்கே எட்டாது. நலுமான்சியின் செங்காவாகிய பபீரியே ஏப்ரல் முதல் வெள்ளியன்று வந்தார், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருடா செத்தது இங்க?"

"யாரும் சாகலைம்மா. அது திரைச்சீலை."

"பொணத்தைச் சுத்துற துணியைக் கொண்டாந்து சன்னல்ல தொங்கவிட்டிருக்க. எம் பொண்ணை உள்ள வெச்சுச் சுத்தறதுக்கா?"

அங்கே அத்தைக்காகக் காத்திருந்த நலுமான்சி முழந்தாளிட்டு வணங்கி, தலையை மட்டும் நிமிர்த்தி, "அத்தை, ராசாவுக்குப் பட்டம் கட்டறப்பவும் இதைத்தானே போர்த்தறாங்க?" என்றாள்.

"இவன் ராசாவாடி? பேட்டரி மாத்தறவன்."

அடுத்த வெள்ளிக்குள் துணி அகல வேண்டும் என்று கெடு விதித்துவிட்டு அவர் நின்ற காலோடு திரும்பினார். லுத்தாயா அன்றே ஏணி வைத்து ஏறித் திரைச்சீலையை இழுத்தான். அது வரவில்லை, சன்னல் சட்டத்துக்குள் வேர் இறக்கியிருந்தது. இரு கையாலும் பற்றித் தொங்கினான். சிறிது நேரத்தில் செபோவா மேட்டிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"எவன்டா என் மரத்தை இழுக்கறது? அரை அடி உங்க வீட்டுப் பக்கம் சாஞ்சிருச்சு!"

லுத்தாயா கத்தியை எடுத்தான். அறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டான். "மரம் போனாலும் போயிரும். உனக்குப் பொண்டாட்டி வேணும், எனக்கு மரம் வேணும். நீயே முடிவு பண்ணு மாப்ளே" என்று கூறிவிட்டு, செபோவா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். ஏணியின் மூன்றாம் படியில் லுத்தாயா கத்தியுடன் வெகுநேரம் நின்றான், பின் இறங்கிவந்து கத்தியை உறையில் இட்டான். செய்தி கேட்டு வந்த நலுமான்சி, "அறுத்திருந்தா அத்தை சம்மதிச்சிருப்பாங்க, நான் வந்திருக்க மாட்டேன்" என்றாள். அறுக்காததால் அத்தை சம்மதிக்கமாட்டார் என்பதும் இருவருக்கும் தெரிந்தே இருந்தது. அந்த வாரம் முழுவதும் அவன் சாலிடர் வைத்த விளக்குகள் எல்லாம் மங்கலாக எரிந்தன.

குறித்த வெள்ளியன்று நாங்கள் பதினேழு பேரும் வேலியோரம் கூடினோம். பபீரியே மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி, சன்னலைப் பார்த்துவிட்டு மீண்டும் வண்டியில் ஏறக் காலைத் தூக்கினார். அப்போது திரைச்சீலையின் நடுவில், இருமல் போன்ற சிற்றொலியுடன், ஒரு மொட்டு விண்டது. இரு இலைகள் வெளிவந்து, காலைச் சோம்பல் முறிப்பனபோல் விரிந்தன. தூக்கிய காலை இறக்கிய பபீரியே நேரே உள்ளே நடந்தார். ஓர் இலையின் நுனியைக் கிள்ளினார், விரலில் பால் ஒட்டியது, முகர்ந்து பார்த்தார்.

"பொணத்துணி துளிர்க்காது" என்றார். "இதுக்குத் தண்ணி ஊத்தறியா?"

"மேட்டுல மரத்துக்குத்தாம்மா ஊத்தறோம்."

"இதுக்கும் ஊத்து. எம் பொண்ணு வர்றப்ப வாடிக் கிடந்துச்சு, அந்த மரத்தை உரிச்ச மாதிரி உன்னை உரிச்சிருவேன்."

பின்னர் அவர் உட்கார்ந்தார். ஏரி அன்று நிறைந்திருந்தமையால் நாற்காலி அவரோடு சேர்ந்து அரை விரற்கடை உயர்ந்தது. "பிடிங்கடா, பிடிங்கடா!" என்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டாரே ஒழிய எழவில்லை. பெண்கள் இட்ட குலவை மேடுவரை கேட்டது. செபோவாவின் மரம் தன் பழைய நிலைக்கு நிமிர்ந்தது.

ஆகஸ்டில் திருமணம் நடந்தது. அவர்களுக்கு இப்போது மூன்று குழந்தைகள் உள்ளனர். திரைச்சீலை ஆண்டுக்கு இருமுறை காய்க்கிறது. சன்னலைச் சாத்த வேண்டுமாயின் முதலில் பறவைகளை எழுப்பிவிட வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்ச் செங்காக்கள் இப்போது மாப்பிள்ளை வீட்டில் நுழைந்ததும் சன்னலைத்தான் பார்க்கின்றனர். சென்ற ஆண்டு மசாக்கா மாப்பிள்ளை ஒருவன் கடையில் வாங்கிய பாலியஸ்டர் திரை மாட்டியிருந்தான். பெண்ணின் செங்கா அதன் எதிரே காலை முதல் மாலை நான்கு மணிவரை பொறுமையுடன் நின்று பார்த்தார். பிறகு, உட்காராமலே திரும்பிவிட்டார்.