ஆயுதபூஜைக்குக் குளித்த டேங்க்

பொன்முடிக்குக் குளிர் காண வருகிறவர்கள் பாதிப் பிரியாணியைத் தின்பார்கள். மீதியை மலைக்கே விட்டுவிட்டுப் போவார்கள். அந்த மீதியை அரைத்து டேங்கில் ஊற்றி கேஸ் எடுப்பது சுடலைக்கண்ணுவின் வேலை. அந்த கேஸில் அவன் பெண்டாட்டி இசக்கிசெல்வி கேன்டீன் நடத்தினாள். கடைசியில் மிஞ்சும் கரைசல், மழை மண்ணை வழித்துக்கொண்டு போன தேயிலைச் சரிவுக்கு உரமாகப் போகும்.

சுடலைக்கண்ணு நல்லவன்தான். பக்திதான் கொஞ்சம் கூடுதல். ஆயுதபூஜையன்று ஆட்டோவும் பஸ்ஸும் குளித்துப் பொட்டு வைத்து நிற்க, தன் டேங்க் மட்டும் வயிறு நிறைய ஊசிப்போன சோற்றோடு நிற்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. மொத்தத்தையும் சரிவில் திறந்துவிட்டு, பினாயில் ஊற்றி, நீளத் துடைப்பத்தால் தேய்தேய் என்று தேய்த்தான். பிறகு சந்தனம், குங்குமம், வாழைக்கன்று.

பூஜை முடிந்தது. கேஸும் முடிந்தது.

"கேஸ் உண்டாக்குற பூச்சியெல்லாம் பினாயில்ல செத்துப்போச்சு," என்றாள் இசக்கிசெல்வி. "முதல்ல ஒரு லோடு சாணி கலக்கித்தானே அதை உண்டாக்கினோம்? இன்னைக்கு பிளான்ட்டைச் சோதிக்க ஆபீசர் வாறாரு. தீ எரியலேன்னா பூட்டிட்டுப் போயிருவாரு. பழையபடி நீங்க சாலைக் கம்போளச் சந்தையில மூட்டை சுமக்க வேண்டியதுதான்."

நினைத்ததுமே அவனுக்குத் தோள் வலித்தது.

அவள் வாழைக்கன்றுக்குப் பின்னால் ஒரு சிலிண்டரை ஒளித்து அடுப்புக்குக் குழாய் கொடுத்தாள். சுத்தப் பித்தலாட்டம். தீ என்னவோ நீலமாக, அழகாக எரிந்தது.

ஆபீசர் ஹரிநாராயணன் கோட்டை அக்ரஹாரத்துக்காரர். மூக்கைப் பொத்திக்கொண்டே ஜீப்பிலிருந்து இறங்கியவர், மெல்லக் கையை எடுத்தார்.

"நாத்தமே இல்லையேப்பா. என்ன பண்ணினே?"

"பூஜைக்கு பினாயில் விட்டுக் கழுவினேன், சாறே."

"பேஷ். ஜில்லால இருக்கற எல்லா பிளான்ட்டையும் இப்படியே கழுவச் சொல்லி ஆர்டர் போட்டுடறேன். நீயே போய்ச் செஞ்சு காட்டு."

சுடலைக்கண்ணு பொட்டு வைத்த டேங்கைத் திரும்பிப் பார்த்தான். ஒரு டேங்கைக் கொன்றதற்கே இந்தப் பாடு. இனி ஜில்லா முழுக்கக் கருமாதி.

இசக்கிசெல்வி டீயோடு வந்தாள். "கழுவினா மட்டும் போராது, கேட்டோ சாறே. நைவேத்தியம் வைக்கணும். இல்லேன்னா தோஷம்."

"என்ன நைவேத்தியம்?"

"பசுஞ்சாணி. டேங்குக்கு ஒரு லோடு. இங்கயும் இன்னும் வைக்கல்ல."

ஹரிநாராயணன் ஷூவைக் கழற்றினார். டேங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் யாருக்கோ போன் போட்டு, சாயங்காலத்துக்குள் பொன்முடிக்கு ஒரு லோடு பசுஞ்சாணி ஏற்றிவிடச் சொன்னார்.

சுடலைக்கண்ணு பெண்டாட்டி நின்ற பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.