பால் டின் கட்டு

அன்று வாசுவோடு ரமணி செய்த கடைசிச் சாதாரண காரியம், காரை விட்டு இறங்கி நடந்தது.

சாலாக் செலாத்தானில் அக்காளும் தம்பியும் குடியிருந்த வீட்டுச் சந்தின் முனையில், வேகத்தைக் குறைப்பதற்காக ஒரு மேடு போட்டிருந்தார்கள். வாசு தன் பழைய சாகா காரின் ஸ்பிரிங்குகளை வெட்டி, அதைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். ஆளை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் போனால் அடியில் ஓடும் புகைக்குழாய் உரசும். அதனால் யார் ஏறினாலும் அங்கே இறங்கி, நடந்து தாண்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷமாக அதுதான் வழக்கம்.

"எறங்குக்கா, பம்ப் வந்துருச்சு."

"ஊர்ல எல்லாரும் ஏறிப் போறதுக்குக் காரு வாங்குறான். நீ ஒருத்தன்தான்டா எறங்கி நடக்குறதுக்கு வாங்கியிருக்க."

"வெயிட்டு அப்படிலா. நான் என்ன செய்யட்டும்?"

"யாரு வெயிட்டு?"

"காரு வெயிட்டைச் சொன்னேன்," என்று சிரிப்பை அடக்கிக்கொண்டான் வாசு.

ரமணி பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் இரும்பு கீறுகிற சத்தம் கேட்டது. அது பழகிய சத்தம்தான். ஆனால் மேட்டைத் தாண்டிய பிறகு இன்ஜின் தொண்டை கட்டினாற்போல் இரைந்தது.

வாசு ஜாக்கி வைத்துத் தூக்கி, நாளிதழை விரித்துப் படுத்துப் பார்த்தான். முன் இருக்கைகளுக்கு நேர் கீழே குழாயின் இணைப்பு வாய் பிளந்திருந்தது. அதற்கும் அவனிடம் வைத்தியம் இருந்தது. பின்பெட்டியில் எப்போதும் இரண்டு மூன்று கெட்டிப்பால் டின்களை வெட்டித் தகடாக்கி, கம்பியோடு வைத்திருப்பான். ஒரு தகட்டைப் பிளவின் மேல் சுற்றி, கம்பியால் இறுக்கி முறுக்கினான். இதற்கு முன் நான்கு முறை அப்படிக் கட்டியிருக்கிறான். நான்கு முறையும் தாங்கியது.

"திங்கக்கிழம தம்புசாமி அண்ணே பட்டறையில வெல்டிங் அடிச்சிக்கலாம். கிள்ளான் கல்யாணத்துக்குப் போய் வர இது போதும்."

கண்ணாடிகளை இறக்கிவிட்டுத்தான் போனார்கள். வழியில் லேசாகப் புகை நாற்றம் வந்தது. கட்டு சூடேறினால் அப்படித்தான் என்றான். காற்று உள்ளே வந்து போய்க்கொண்டிருந்ததால் ரமணியும் அதை மறந்துவிட்டாள்.

கல்யாணம், ரமணி வேலை செய்த பள்ளி அலுவலகத்தில் இருந்த இராஜம்மாவின் மகளுக்கு. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வாசு முதல் நாள் இரவு முழுக்கத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, காலை ஏழு மணிக்குத்தான் வீடு திரும்பியிருந்தான்.

"நீ போக்கா. நான் கொஞ்சம் கண்ணசர்றேன். பந்தியில உக்காருறப்ப எழுப்பு."

நிழலுக்காக மண்டபத்தின் பின்சுவரை ஒட்டிக் காரை நிறுத்தினான். வெயில் அப்படி. கண்ணாடிகளை ஏற்றி, இன்ஜினை அணைக்காமல் ஏர்கோனைப் போட்டு, இருக்கையைச் சாய்த்துக்கொண்டான்.

ஒன்றேகால் மணிக்குப் பந்தியில் இடம் கிடைத்தது. எழுப்ப வந்தாள். கறுப்புத்தாள் ஒட்டிய கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, தலை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தான். கண்ணாடியைத் தட்டக் கையைத் தூக்கினாள். ராத்திரியெல்லாம் நின்ற கால், பாவம், அடுத்த பந்தியில் சாப்பிடட்டும் என்று கையை இறக்கிக்கொண்டாள். திரும்பிப் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். பாயசம் இரண்டு முறை வாங்கினாள். இராஜம்மாவோடு நின்று பேசினாள்.

இரண்டு மணிக்கு, அவனுக்குச் சாப்பாட்டைத் தாப்பாவ் கட்டிய பொட்டலத்தோடு வந்தாள். தட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளங்கையால் அடித்தாள். கார் மெல்ல அதிர்ந்துகொண்டே இருந்தது, அவன் அசையவில்லை.

மண்டபத்துக் காவலாளி சபாபதி ஓடிவந்து செங்கல்லால் பின்கண்ணாடியை உடைத்தார். குளிர்ந்த காற்றும் புகையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. வாசுவைத் தூக்கிச் சிமெண்டுத் தரையில் கிடத்தினார்கள். அவன் கன்னம் சிவந்திருந்தது. உதடு சிவந்திருந்தது. காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் கறுக்கிற அந்த முகத்தில் அப்படியொரு நிறத்தை ரமணி பார்த்ததே இல்லை.

"மயக்கம்தாம்மா," என்றார் சபாபதி. "கலரப் பாருங்க, ரத்தம் ஓடுது. தண்ணி கொண்டாங்க."

ரமணி நம்பினாள். தண்ணீர் தெளித்தாள். "டேய், சாப்பாடு ஆறுது, எந்திரி," என்றாள். அதை எத்தனை முறை சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆம்புலன்ஸ் வந்து, அதில் வந்தவர் அவன் கழுத்தில் விரலை வைத்து எடுத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் போலீஸ் நிலையத்தின் பின்புறம் காரைத் தூக்கி வைத்துக் காட்டினார்கள். பால் டின் தகடு கம்பியிலிருந்து நழுவி ஒரு பக்கமாகத் தொங்கியது. அதற்கு மேலே, காரின் தரையில், ரப்பர் அடைப்பு விழுந்துபோன ஓட்டை ஒன்று இருந்தது. அதிகாரி தன் சுண்டுவிரலை அதில் விட்டுக் காட்டினார். காரோ தரையோடு ஒட்டி நிற்கிறது, பக்கத்தில் சுவர். புகைக்கு மேலே ஏற அந்த வழிதான் கிடைத்தது என்றார். ரமணி அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சின்ன ஓட்டை.

அவளுக்குக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. கன்னத்துச் சிவப்பு, புகையின் நஞ்சு ரத்தத்தில் கலந்த நிறம் என்று சொன்ன, மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் கேட்டாள்.

"ஒன்னேகாலுக்கு நான் போய்ப் பாத்தேன் டாக்டர். அப்ப எழுப்பியிருந்தா எந்திரிச்சிருப்பானா?"

"நெஞ்சு ஏறி எறங்குச்சா, பாத்தீங்களா?"

அவள் யோசித்தாள். சாய்ந்த தலை தெரிந்தது, திறந்த வாய் தெரிந்தது. நெஞ்சைப் பார்த்த நினைவு இல்லை.

"அப்ப என்னால சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர். "நீங்க அதையே நெனச்சிக்கிட்டு இருக்காதீங்க."

பிறகு அவள் அந்த மருத்துவ அறிக்கையின் நகலுக்கு மனுப்போட்டாள். அது கிடைத்த மறுவருஷம், யாராவது எதையாவது சரியாக எழுதிச் சேர்த்திருக்கமாட்டார்களா என்று இன்னொரு முறையும் போட்டாள். இரண்டு நகல்களும் அவளிடம் இருக்கின்றன. இறந்த நேரத்துக்கான இடத்தில் இரண்டிலும் ஒன்றுதான்: பிற்பகல் 12.30க்கும் 2.00க்கும் இடையில்.